குறட்டைக்குக் கிளிப் போடலாமா?

கேள்வி: நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். என் கணவருக்கு 43 வயது. நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. கல்யாணமான புதிதிலிருந்தே குறட்டை உண்டு. இரண்டு வருஷமாக அது வேறு மாதிரி ஆகிவிட்டது. சத்தமாகக் குறட்டை விட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று நின்றுவிடும். மூச்சும் நின்ற மாதிரி இருக்கும். நான் பயந்துபோய் உலுக்கப் போகும்போது பெரிய இரைச்சலோடு மூச்சை இழுத்துக்கொள்வார். காலையில் தலைவலி. டிவி முன்னால் உட்கார்ந்தாலே கண் சொருகுகிறது. பைக்கில்தான் வேலைக்குப் போய் வருகிறார். எங்கள் பையனுக்கு 9 வயது. அவனும் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறான், அவனுக்கும் குறட்டை. எப்போதோ நின்றுபோன, படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் திரும்ப வந்திருக்கிறது. மேல்வரிசையில் எத்துப்பல். அதைக் காட்டப் பல் டாக்டரிடம் போனபோது, "மேலண்ணம் குறுகலா இருக்கு, விரிச்சு கிளிப் போட்டா குறட்டையும் போயிடும்" என்றார். அப்படியானால் அவன் அப்பாவுக்கும் கிளிப் போட்டால் சரியாகிவிடுமா? சிதம்பரம் பல் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள். இருவருக்கும் பதில் வேறு. பையனுக்கு மேலண்ணத்தை விரிப்பது உதவலாம். கணவருக்குக் கிளிப் உதவாது; பல் மருத்துவர் செய்து தரும் வேறொரு கருவி உதவலாம். ஆனால் இரண்டு பேர் வாயிலும் எதையும் மாட்டுவதற்கு முன்னால், தூங்கும்போது அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்தாக வேண்டும். கணவரைப் பற்றி முதலில் பேசுகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு அதிகம் கவலை தருவது அவர் நிலைமைதான்.

நீங்கள் விவரித்திருப்பது வெறும் குறட்டை இல்லை. ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளும் நோய், கிட்டத்தட்ட இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். விழித்திருக்கும்போது நாக்கையும் தொண்டையையும் தசைகள் இழுத்துப் பிடித்து வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. தூக்கம் ஆழமாக ஆக அந்தத் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்திருந்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. வழி குறுகினால் காற்று உரசி வரும் சத்தம்தான் குறட்டை. முழுதாக மூடிக்கொண்டால் சத்தமே இருக்காது. நெஞ்சு ஏறி இறங்கும், காற்று உள்ளே போகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிடும், அவர் இரைச்சலோடு மூச்சை இழுப்பார், மறுபடி தூங்குவார். எழுந்தது அவருக்கு நினைவில் இருக்காது. அதனால்தான் இந்த நோயை முதலில் கண்டுபிடிப்பவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருப்பவர்கள். நீங்கள் பயந்தது நியாயம்.

இப்படிப் பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. மூச்சு கணிசமாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்குவதும் கணக்கில் சேரும். ஒரு மணி நேரத்துக்கு இப்படி எத்தனை என்பதே இந்த நோயின் அளவுகோல். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தொட்டுவிட்டால் கடுமையானது. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 முறை மூச்சுக்குத் திணறி எழுந்திருக்கிறார் என்று அர்த்தம். காலைத் தலைவலியும் பகல் தூக்கமும் அங்கிருந்து வருகின்றன. இரத்த அழுத்தம் ஏறுவதும், மாத்திரை போட்டும் அது அடங்காமல் நிற்பதும், இதயத் துடிப்பு தாளம் தப்புவதும் இதனோடு சேர்ந்து வருபவை. உலகில் 30 முதல் 69 வயதுக்குள் சுமார் 93.6 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இந்த நோய் இருப்பதாக 2019-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. இதில் மிகப் பெரும்பாலானோர் ஒருநாளும் பரிசோதனைக்குப் போனதில்லை.

ஒரு விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக அவர் பைக் ஓட்டி வருகிறார் என்றால், சிகிச்சை தொடங்கும் வரை அதை நிறுத்தச் சொல்லுங்கள். பஸ்ஸில் வரட்டும். உட்கார்ந்தாலே கண் சொருகுகிற மனிதர் சாலையில் தன்னை மட்டும் ஆபத்தில் வைப்பதில்லை. சுரங்கத்தில் அவர் இயந்திரம் ஓட்டுபவராக இருந்தால் வேலையிடத்து மருத்துவரிடமும் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி அளப்பது. இதற்கு ஸ்லீப் ஸ்டடி என்று பெயர். ஓர் இரவு முழுக்க மூளை அலை, மூச்சு, நெஞ்சின் அசைவு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். மற்ற நோய்கள் அதிகமில்லாத பெரியவர்களுக்கு வீட்டிலேயே கட்டிக்கொண்டு படுக்கும் சிறிய கருவியும் இருக்கிறது. பல் மருத்துவர் எடுக்கும் எக்ஸ்-ரேயோ முப்பரிமாண ஸ்கேனோ இதற்கு ஈடாகாது. விழித்திருக்கும்போது எடுத்த படத்தில் தொண்டை வழிக்குச் சிவப்பும் பச்சையும் பூசிக் காட்டி, "பாருங்கள், இங்கே அடைப்பு" என்று சொல்லும் கிளினிக்குகள் பெருகிவிட்டன. தூங்கும்போது தசை தளர்ந்தபின் என்ன ஆகிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. படத்தை மட்டும் காட்டி ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் பல் மருத்துவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை உண்டு, அதுவும் பழைய வேலை. கீழ்த்தாடை மிகச் சிறியதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைப்பதைப் பற்றிப் பாரிசைச் சேர்ந்த பியர் ராபின் 1923-ல் எழுதினார். அதற்கு முன்பே, 1902-ல், கீழ்த்தாடையை முன்னால் நிறுத்திப் பிடிக்கும் 'மோனோபிளாக்' என்ற கருவியை அவர் விவரித்திருந்தார். நாக்கு கீழ்த்தாடை எலும்போடு கட்டப்பட்டது. தாடை முன்னால் வந்தால் நாக்கும் வரும், தொண்டையின் பின்புறம் வழி கிடைக்கும். இன்று பெரியவர்களுக்குச் செய்யும் கருவியின் அடிப்படையும் இதுதான். ஸ்லீப் அப்னியா என்றாலே பருமன் என்று நினைக்கிறோம். கழுத்தில் சேரும் கொழுப்பு பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒல்லியாக இருந்தும் தாடை உள்வாங்கி இருப்பதால் இந்த நோய் வருபவர்கள் நம் ஊரில் நிறைய. எடையைப் பார்த்தே "உங்களுக்கு இருக்காது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்.

கணவருக்குப் பரிசோதனையில் கடுமையான நிலை என்று வந்தால் முதல் சிகிச்சை சி-பேப் கருவி. 1981-ல் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் உலகுக்குச் சொன்ன முறை. மூக்கில் மாட்டும் முகமூடி வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. பல் மருத்துவனாகிய நானே சொல்கிறேன், கடுமையான நிலையில் எங்கள் கருவியைவிட அது பலமானது. முதல் சில வாரம் சிரமப்படுவார். அந்த வாரங்களில் வீட்டார் பொறுமையாகப் பக்கத்தில் இருந்தால் பாதி வெற்றி.

லேசானது அல்லது நடுத்தரம் என்று வந்தாலோ, சி-பேப்பை முயன்றும் பழக முடியாமல் போனாலோ, கீழ்த்தாடையை முன்னிறுத்தும் கருவிக்கு வரலாம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பும் பல் தூக்க மருத்துவ அமைப்பும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சி-பேப்பைத் தாங்க முடியாதவர்களுக்கும் வேறு சிகிச்சையை விரும்புபவர்களுக்கும் இந்தக் கருவியைப் பரிந்துரைக்கிறது. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என இரண்டு தகடு. இரவில் மட்டும் மாட்டிக்கொள்வது. பல்லை அச்செடுத்து அந்த வாய்க்கென்றே செய்ய வேண்டும். ஒரேயடியாகத் தாடையை இழுக்க மாட்டோம். அவரால் எவ்வளவு தூரம் முன்னால் கொண்டுவர முடியுமோ அதில் பாதியளவில் தொடங்கி, வாரங்கள் போகப் போக ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்த்துவோம். குறட்டை அடங்கி, பகல் தூக்கம் குறைந்து, அவருக்கும் பழகிய இடத்தில் நிறுத்தி, கருவியை மாட்டிக்கொண்டே மறுபடி ஸ்லீப் ஸ்டடி செய்வோம். இந்த இரண்டாவது பரிசோதனையைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சத்தம் நின்றுவிட்டது, நீங்கள் நிம்மதியாகத் தூங்குகிறீர்கள், ஆனால் அவருக்கு மூச்சுத்தடை சத்தமில்லாமல் தொடரக்கூடும். அளக்காமல் தெரியாது.

மூச்சுத்தடையின் எண்ணிக்கையைக் குறைப்பதில் சி-பேப் இந்தக் கருவியை வெல்கிறது. ஆனால் கருவியை இரவு முழுக்க வாயில் வைத்திருப்பவர்கள் அதிகம். சி-பேப்பை நள்ளிரவில் கழற்றி வைப்பவர்களும் அதிகம். அதனால் பகல் தூக்கம், இரத்த அழுத்தம் போன்றவற்றில் இரண்டும் தரும் பலன் பெரிய வித்தியாசமில்லாமல் வந்து நிற்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அலமாரியில் இருக்கும் சிறந்த இயந்திரத்தைவிட வாயில் இருக்கும் கருவி மேல் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குப் பல் உறுதியாக இருக்க வேண்டும். ஈறு நோயால் ஆடும் பல்லைப் பிடித்துத் தாடையை முன்னால் நிறுத்த முடியாது. ஹான்ஸ், புகையிலை, பான்மசாலா பழக்கம் இருந்தால் அதை முதலில் விட வேண்டும். ஈறுக்கு வைத்தியம் செய்த பிறகுதான் கருவி. ஆரம்பத்தில் எச்சில் ஊறும், காலையில் தாடை வலிக்கும், கடிப்பது சற்று மாறினாற்போல் இருக்கும். இவை பெரும்பாலும் போய்விடும். வருஷக்கணக்கில் போட்டால் மேல் முன்பற்கள் மெல்ல உள்ளே சாய்ந்து, கீழ்ப் பற்கள் முன்னால் வந்து, கடி நிரந்தரமாக மாறலாம். அதனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்து கொடுத்தவரிடம் காட்ட வேண்டும். வெந்நீரில் போட்டு வாயில் அழுத்திக்கொள்ளும் ஆன்லைன் கருவிகளை வாங்காதீர்கள். வாயில் நிற்காது, அளவாக நகர்த்தவும் முடியாது.

கிளிப் அவருக்கு ஏன் உதவாது என்றால், அது பல்லை நகர்த்துகிறது. 43 வயதில் தாடை எலும்பை அது முன்னால் கொண்டுவராது. ஒரு சூழ்நிலையில் மட்டும் பெரியவர்களின் அப்னியாவில் கிளிப்புக்கு நேரடி வேலை உண்டு. சி-பேப்பும் முடியவில்லை, கருவியும் போதவில்லை, தாடை அமைப்பே பின்தங்கியது என்றால், மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் வெட்டிச் சுமார் 10 மில்லிமீட்டர் முன்னால் நகர்த்திப் பொருத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் பற்கள் சரியாகப் பொருந்திக் கடிப்பதற்குக் கிளிப் தேவைப்படும். பெரிய ஆபரேஷன், ஆனால் பலன் வலுவானது. 2010-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் நூற்றுக்கு 86 பேருக்கு நோய் வெகுவாகக் குறைந்திருந்தது, 43 பேருக்கு மணிக்கு 5-க்கும் கீழே போயிருந்தது. இதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. இப்படி ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

இப்போது பையன். அவனைப் பற்றி நீங்கள் சொன்னதில் குறட்டையைவிட முக்கியமானது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்பி வந்தது. தூக்கத்தில் மூச்சு அடைபடும் குழந்தைகளிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. தயவுசெய்து அதற்காக அவனைத் திட்டாதீர்கள். பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள்; குழந்தைகள் அதற்குப் பதில் துறுதுறுவென்று ஓரிடத்தில் நிற்காமல், படிப்பில் கவனமில்லாமல், எதற்கெடுத்தாலும் அழுதுகொண்டு இருக்கலாம். பள்ளியில் அவனைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். குழந்தைகளுக்கான அளவுகோலும் கடுமை: மணிக்கு 1-ஐத் தாண்டினாலே இயல்பில்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஒன்பது வயதுப் பிள்ளை வாயைத் திறந்து தூங்கினால் முதலில் பார்க்க வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர், நான் இல்லை. மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டும் தொண்டையின் இரு பக்கமும் இருக்கும் டான்சிலும் வீங்கி வழியை அடைப்பதே இந்த வயதில் பெரிய காரணம். அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையான 464 குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. டான்சிலும் அடினாய்டும் எடுத்த குழந்தைகளில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்கப் பரிசோதனை இயல்பானது. ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்த குழந்தைகளிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியானது. இந்த இரண்டாவது எண்ணை நான் பெற்றோரிடம் தவறாமல் சொல்வேன். லேசான நிலை என்றால் ஒவ்வாமைக்கு மூக்கில் அடிக்கும் மருந்தோடு சில மாதம் பார்க்கலாம், கத்தி உடனே தேவையில்லை என்பதற்கும் அது ஆதாரம். ஆபரேஷன் தேவை என்று மருத்துவர் சொன்னால் பயந்து ஓடக்கூடாது என்பதற்கு முதல் எண் ஆதாரம்.

மேலண்ணம் இதில் எங்கே வருகிறது? மாடி வீட்டின் தரைதான் கீழ்வீட்டுக்குக் கூரை. அதுபோல வாயின் கூரையான மேலண்ணமே மூக்கின் தரை. மூக்கடைப்பால் வருஷக்கணக்கில் வாய்வழியே மூச்சு விடும் குழந்தைக்கு நாக்கு மேலே ஒட்டி நிற்காமல் கீழே தொங்குகிறது. உள்ளிருந்து நாக்கு தரும் தாங்கல் இல்லாமல் கன்னங்களின் அழுத்தத்தில் மேல்தாடை குறுகிக் கூம்பி உயர்கிறது. மூக்குக்குள் இடம் குறைகிறது, நாக்குக்கும் இடம் போதவில்லை. குறுகிய மேல்தாடை பிறவி அமைப்பாலும் வரலாம். அப்பா பையன் இருவருக்கும் ஒரே தாடை வாகா என்று அடுத்தமுறை பார்க்கும்போது நீங்களே கவனியுங்கள்.

நல்ல செய்தி, இந்த வயதில் மேலண்ணத்தின் நடுவில் இரண்டு எலும்புகளும் சேரும் கோடு இன்னும் இறுகவில்லை. மேல் கடைவாய்ப் பற்களில் ஒட்டி, நடுவில் ஸ்க்ரூ வைத்த கருவியைப் பொருத்துவோம். கையில் ஒரு சிறு சாவி தருவோம். தினமும் வீட்டில் நீங்களே திருப்ப வேண்டும். ஒரு திருப்புக்குச் சுமார் கால் மில்லிமீட்டர் விரியும். இரண்டு மூன்று வாரத்தில் விரிப்பு முடிந்துவிடும். அந்தச் சமயம் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். பல பெற்றோர் பதறிப்போய் போன் செய்வார்கள். அது எலும்பு பிரிந்து விரிகிறது என்பதற்கு அடையாளம். சில வாரத்தில் பற்கள் தாமாகவே நெருங்கும். பிறகு நடுவில் புது எலும்பு ஊறும் வரை ஆறு மாதம்போல் கருவியைக் கழற்றாமல் வைத்திருப்போம். 1860-லேயே அமெரிக்காவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் இதைச் செய்து எழுதினார், அப்போது யாரும் நம்பவில்லை.

இது மூச்சுத்தடைக்கு உதவுமா? 2004-ல் இத்தாலிய மருத்துவர் பாவ்லா பிரெல்லியும் குழுவினரும் 31 குழந்தைகளுக்கு மேல்தாடையை விரித்துப் பார்த்து, மூச்சுத்தடை வெகுவாகக் குறைந்ததாகப் பதிவு செய்தார்கள். அந்தக் குழந்தைகள் மேல்தாடை குறுகியவர்கள், அடினாய்டோ டான்சிலோ வீங்காதவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பின்னால் வந்த ஆய்வுகளும் உதவுகிறது என்றே சொல்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். எனவே மேல்தாடை உண்மையிலேயே குறுகி, மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே கடிக்கும் குழந்தைக்கு விரிக்க வேண்டும். அது எப்படியும் தேவை, மூச்சுக்கும் கூடுதல் நன்மை. தாடை சரியான அகலத்தில் இருக்கிற குழந்தைக்குக் குறட்டைக்காக மட்டும் விரிப்பது சரியில்லை. அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கம் 2019-ல் வெளியிட்ட அறிக்கையும் இந்த இடத்தில்தான் நிற்கிறது: பல் சீரமைப்பு நிபுணர் சந்தேகப்பட்டுக் கண்டுபிடித்து அனுப்ப வேண்டும், நோயை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர். உங்கள் பல் டாக்டர் குறுகலைக் கவனித்தது நல்ல கண். "குறட்டையும் போயிடும்" என்று உறுதி கொடுத்ததைத்தான் நான் ஏற்கவில்லை.

எத்துப்பல் பற்றி ஒரு வார்த்தை. பல நேரம் மேற்பல் முன்னால் வந்ததைவிட, கீழ்த்தாடை பின்தங்கியதே காரணமாக இருக்கும். அப்படியானால் பையனுக்கு 11, 12 வயதில் உயரம் கூடும் காலத்தில் ட்வின் பிளாக் போன்ற கருவி கொடுத்துக் கீழ்த்தாடையை முன்னால் வளரத் தூண்டலாம். ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977-ல் உருவாக்கியது அது. மூச்சுப்பாதைக்கும் அதனால் ஓரளவு இடம் கிடைக்கிறது. அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது மூக்கும் மேலண்ணமும்.

சிதம்பரத்துக்குத் தாராளமாகப் போகலாம். அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980-ல் வந்தது, மருத்துவக் கல்லூரி 1985-ல். இவை இருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013-ல் ஏற்றது. 2021-ல் இந்தக் கல்லூரிகள் சுகாதாரத் துறையின்கீழ் வந்து, இப்போது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாகவும் அரசு பல் மருத்துவக் கல்லூரியாகவும் நடக்கின்றன. உங்கள் மாதிரிக் குடும்பத்துக்கு அங்கே உள்ள வசதி, ஒரே வளாகத்தில் காது மூக்கு தொண்டை, நெஞ்சு நோய், குழந்தைகள் பிரிவு, பல் சீரமைப்பு, தாடை அறுவை என்று எல்லாத் துறையும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது. கடலூரிலிருந்து 45 கிலோமீட்டர் போல. ஒரு நாள் லீவு போட்டால் இரண்டு மூன்று துறைகளைப் பார்த்துவிடலாம். தனியார் கிளினிக்கில் பல் டாக்டரும் இ.என்.டி. டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். இந்த நோய்க்கு அதுதான் பெரிய குறை. அதற்கு முன்னால் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் கணவருக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். சுரங்க நிறுவன ஊழியர் என்றால் நெய்வேலியில் அவர்கள் மருத்துவமனையிலேயே தொடங்கலாம். ஸ்லீப் ஸ்டடிக்குப் புதுச்சேரி ஜிப்மரும் உங்களுக்குப் பக்கம்தான். போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள்: இரண்டு பேரும் தூங்கும்போது செல்போனில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். சட்டையில்லாமல் நெஞ்சும் வயிறும் தெரிய வேண்டும், சத்தமும் கேட்க வேண்டும். ஓ.பி. வரிசையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் அந்த வீடியோ உங்களைவிட நன்றாகப் பேசும்.

செலவில் முன்னுரிமை கேட்டீர்களானால், முதல் பணம் கணவரின் ஸ்லீப் ஸ்டடிக்கு. பையனுக்கு முதலில் இ.என்.டி. பரிசோதனை, அது அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் ஆகும். எத்துப்பல்லைச் சரிசெய்யும் கிளிப் எல்லாவற்றுக்கும் பிறகு வரலாம், ஒரு வருஷம் தாமதமானால் ஒன்றும் கெட்டுப்போகாது.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பல் நெருக்கமாக இருப்பதால் நான்கு கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டுக் கிளிப் போட வேண்டும் என்கிறார்கள். பல்லைப் பிடுங்கினால் வாய் சுருங்கி, பின்னாளில் ஸ்லீப் அப்னியா வரும் என்று ஒரு வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தேன். பயமாக இருக்கிறது. (சிதம்பரத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: அந்த வீடியோ பல பெற்றோரைக் கலங்கடித்திருக்கிறது. எடுக்கப்போவது முன்கடைவாய்ப் பற்கள். 2015-ல் அமெரிக்காவில் சுமார் 5,600 பேரின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். பாதிப் பேர் நான்கு பக்கமும் இந்தப் பல் இல்லாதவர்கள், மீதிப் பேர் எல்லாம் இருப்பவர்கள். இரு குழுவிலும் ஸ்லீப் அப்னியா நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான் இருந்தது. பல் எடுத்ததால் கூடவில்லை. நான் முன்னால் சொன்ன, பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கத்தின் 2019 அறிக்கையும் பல் எடுப்பதை அப்னியாவுக்குக் காரணமாக ஏற்கவில்லை.

பல் எடுப்பது எல்லோருக்கும் வேண்டும் என்றும் இல்லை. மகளுக்கு இரவில் குறட்டை, வாய்வழி மூச்சு, தீராத மூக்கடைப்பு ஏதேனும் இருந்தால் கிளிப் போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். கீழ்த்தாடை பின்தங்கி இருக்கிற குழந்தைக்கு மேற்பல்லை உள்ளே இழுப்பதைவிடத் தாடையை முன்னால் கொண்டுவரும் வழியைப் பார்ப்பது மேல். "எடுக்காமல் செய்தால் என்ன ஆகும், எடுத்தால் என்ன ஆகும்" என்று நேராகக் கேளுங்கள். இரண்டுக்கும் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் ஒப்படைக்கலாம். பல்லும் உதடும் முன்னால் துருத்தி, பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், எடுக்காமல் திணிப்பது ஈறுக்கும் எலும்புக்கும் நல்லதில்லை.

கேள்வி: எனக்கு 68 வயது. ஸ்லீப் அப்னியா என்று சொல்லி சி-பேப் வாங்கினேன். மூக்கு காய்ந்து, முகத்தை அழுத்தி, என்னால் முடியவில்லை, மூலையில் வைத்துவிட்டேன். எனக்குப் பல்லே கிடையாது, பல்செட்தான். தாடையை முன்னிறுத்தும் கருவி எனக்கு ஆகுமா? தூக்கம் வராததால் கடையில் வாங்கித் தூக்க மாத்திரை போட்டுக்கொள்கிறேன். (கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பெரியவர்)

பதில்: ஐயா, அந்தக் கருவி பல்லைப் பிடித்துத்தான் நிற்கும். பொதுவாக ஒரு தாடைக்கு எட்டுப் பல்லாவது உறுதியாக இருந்தால்தான் செய்வோம். பல்செட்டின் மேல் அது நிற்காது. பல் இல்லாதவர்களுக்கு நாக்கின் நுனியை ஒரு மென்மையான குமிழுக்குள் உறிஞ்சி முன்னால் பிடித்துவைக்கும் கருவி உண்டு. 1982-ல் சிகாகோவில் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். சிலருக்கு ஒத்துக்கொள்ளும், பலருக்கு நாக்கு வலிக்கும். கீழ்த்தாடையில் இம்பிளாண்ட் பதித்து அதன்மேல் கருவி மாட்டுவதும் நடக்கிறது, உங்கள் எலும்பையும் செலவையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால் மூலையில் இருக்கும் இயந்திரத்தை வெளியே எடுங்கள். மூக்கு காய்வதற்கு அதிலேயே தண்ணீர் ஊற்றிக் காற்றை ஈரமாக்கும் பாகம் சேர்த்துக்கொள்ளலாம். முகமூடி அழுத்துகிறது என்றால் அளவு தவறு. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறிய வகையும் உண்டு. பல்செட்டைக் கழற்றியதும் கன்னம் உள்ளே ஒடுங்கும், பல்செட்டோடு அளவு பார்த்து வாங்கிய முகமூடி இரவில் காற்றை விடும். பல்செட் இல்லாத வாயில் அளவு பார்க்கச் சொல்லுங்கள். முதலில் பகலில் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் மாட்டிப் பழகுங்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள்.

தூக்க மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. அந்த வகை மாத்திரைகள் பல தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி, மூச்சு நின்றாலும் மூளை எழுப்புவதைத் தாமதப்படுத்துகின்றன. உங்களுக்குத் தூக்கம் வராமல் இருப்பதே மூச்சுத்தடையால் இருக்கலாம். பல நாள் போட்டிருந்தால் நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் எழுதித் தருவார். அதுவரை மாத்திரையோடு மதுவைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.